மலையைப் பார்க்கப் போகும் சபையாருக்கு

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்துச் சபைகளில் சுற்றுலா ஏற்பாடு செய்யும் கமிட்டியாருக்கும், வாலிபர் ஐக்கியத்தாருக்கும், பெண்கள் ஐக்கியத்துச் சகோதரிகளுக்கும்,



மே மாதச் சுற்றுலாவுக்கு நீங்கள் பேர் எழுத ஆரம்பித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். நோட்டு நிரம்புவதற்குள் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். 31 வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். உங்களில் பலர் சின்னப் பிள்ளைகளாக என் முன்னால் நின்று மனப்பாட வசனம் ஒப்பித்தவர்கள். அந்த உரிமையில்தான் பேசுகிறேன். கொஞ்சம் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதும் வாசியுங்கள்.

நாம் எப்படிச் சுற்றுலா போகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கோயில் வாசலில் வேன் வந்து நிற்கும். ஐயர் வந்து பிரயாண ஜெபம் செய்வார். மல்லி தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி எல்லாம் இருட்டிலேயே கடந்துபோகும். வத்தலக்குண்டில் டீ குடிக்க இறங்கும்போதுதான் உங்களுக்குக் கண் திறக்கும். பொழுது விடியும்போது வேன் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கும். வெள்ளி அருவிக்கு முன்னால் நின்று போட்டோ எடுப்பீர்கள். தூண் பாறைக்கு எதிரே பனி விலகும்வரை பாட்டுப் பாடுவீர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஏரிக்கரையில் எல்லோரும் உட்கார்ந்ததும், வாலிபத் தம்பி ஒருவர் எழுந்து இந்தப் பயணத்தில் ஆண்டவர் நமக்குச் சொல்லும் பாடம் என்று ஆரம்பிப்பார். வளைந்து வளைந்து ஏறும் பாதை விசுவாச வாழ்க்கை. பனி நம் சந்தேகம். வண்டி ஓட்டுகிறவர் ஆண்டவர். அருவி அவருடைய அன்பு. நாம் ஆமென் சொல்வோம்.

இந்தப் பாடங்கள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் பல வருஷம் இதே ஏரிக்கரையில் நின்று இதையே பேசியிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு காரியத்துக்குப் பிறகு எனக்கு அப்படிப் பேச வாய் வரவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த வருஷம் புறப்படும் நாளில் ஒரு குடும்பத்தில் யாருக்கோ காய்ச்சல். இரண்டு இருக்கை காலியானது. காலியாகப் போவானேன் என்று, கோயிலைக் கூட்டிப் பெருக்க வரும் ஒரு அம்மாவையும் அவர் மகளையும் கூப்பிட்டுக்கொண்டோம். அந்த அம்மா பயர் ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், திரி செருகும் வேலை பார்ப்பவர். நம் சபையில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறார். அதுவரை எந்தச் சுற்றுலாவுக்கும் வந்ததில்லை. நீங்களும் கூப்பிட்டதில்லை, நானும் கூப்பிட்டதில்லை.

என் பக்கத்து இருக்கையில்தான் இருந்தார். கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் பாதையில் நடந்துபோகும்போது, கீழே சமவெளிப் பக்கம் மேகம் கறுத்துத் திரண்டது. பிள்ளைகள் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்ன அழகு என்று கூவினார்கள். அந்த அம்மா மட்டும் என் கையைப் பிடித்து, “நம்ம ஊரு எந்தப் பக்கம் டீச்சரம்மா?” என்று கேட்டார். குத்துமதிப்பாகத் தெற்கே காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இப்ப அங்க ரூமைச் சாத்தியிருப்பாக” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். “நான் தெனமும் மலையப் பாக்குறவதான் டீச்சரம்மா. எங்க ஆபீசுல இருந்து பாத்தா மேக்க மலை தெரியும். மத்தியானத்துக்கு மேல மலை மேல கருப்புக் கட்டுச்சுன்னா வயித்தக் கலக்கும். இடி வர்றதுக்குள்ள ரூமை விட்டு வெளிய வந்துறணும். சில நாள் போகச் சொல்வாக. சில நாள் இன்னும் ரெண்டு தட்டு முடிச்சிட்டுப் போங்கம்பாக.”

நமக்கு அழகாகத் தெரிந்த அதே மேகம் அவருக்கு உயிர்ப் பயம். ஒரே மலையைத்தான் நாம் வருஷத்துக்கு ஒரு நாள் பார்க்கிறோம், அவர் வருஷம் முழுவதும் பார்க்கிறார்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரைக் கூட்டத்தில் 121ஆம் சங்கீதம் வாசித்தீர்கள். சுற்றுலா என்றால் அதுதானே நமக்கு முதலில் நினைவுக்கு வரும். நம் பழைய மொழிபெயர்ப்பில் அதன் முதல் வரியை வாசித்தால், உதவியே மலையிலிருந்துதான் வருகிறது என்பதுபோல இருக்கும். பிற்பாடு வந்த மொழிபெயர்ப்புகளில் அந்த இடம் ஒரு கேள்வியாக இருக்கிறது. மலையைப் பார்க்கிறேன், எனக்கு உதவி எங்கேயிருந்து வரும் என்று ஒருவன் தவித்துக் கேட்கிறான். 120 முதல் 134 வரையுள்ள பதினைந்து சங்கீதங்களும் எருசலேமுக்கு ஏறிப் போகிறவர்கள் வழியில் பாடியவை என்பது உங்களுக்குத் தெரியும். கால் சறுக்கக் கூடாதே, பகல் வெயில் தாக்கக் கூடாதே, காவல்காரன் கண்ணயரக் கூடாதே என்ற கவலைகள்தான் இந்தச் சங்கீதம் முழுவதும் இருக்கின்றன. மலையை ரசிக்க வந்தவன் பாடிய பாட்டு இல்லை அது. அந்த மலையைத் தாண்டி உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டுமே என்று இருந்தவனின் பாட்டு. அந்தப் பாட்டின் பொருள் சொந்தமாகத் தெரிந்தவர் அன்று நம் வேனில் ஒரே ஒருவர்தான் இருந்தார். நீங்கள் அவரைப் பேசச் சொல்லவில்லை. பேசத் தெரிந்த தம்பியைப் பேசச் சொன்னீர்கள்.

என் ஆதங்கம் அழகைப் பற்றியது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டவர் படைத்ததைக் கண்ணாரப் பார்ப்பது நன்றி செலுத்துவதுதான். ஆனால் இயேசு எதிலிருந்து பாடம் எடுத்தார் என்று யோசித்துப் பாருங்கள். கலிலேயா அழகான நாடு. ஏரி, ஏரியைச் சுற்றி மேடு, வடக்கே எர்மோன் மலை. அந்தப் பாதைகளில்தான் அவர் மூன்று வருஷம் நடந்தார். அவர் சொன்ன கதைகளில் அதிகம் வருவது என்ன? விதைக்கிறவன், வலை இழுக்கிறவன், மாவு பிசைகிற பெண், காணாமல்போன காசுக்காக வீடு பெருக்குகிறவள், கூலி வேலை கிடைக்குமா என்று சந்தையில் காத்து நிற்கிறவர்கள். கேட்டவர்களின் கை பார்த்த வேலையிலிருந்துதான் எடுத்தார். காட்டுப் பூவையும் ஆகாயத்துப் பறவையையும் காட்டினார் என்பீர்கள். காட்டினார்தான். நாளைக்கு என்ன சாப்பிடுவோம், என்ன உடுத்துவோம் என்று கலங்கி நின்றவர்களிடம் காட்டினார்.

நம் ஊரில் அப்படிப்பட்ட பாடத்துக்குக் குறைவா? அன்று திரும்பி வரும்போது அந்த அம்மாவிடம் வேலையைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தேன். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. “ஒருத்தி அவசரப்பட்டா நாலு பேரு டீச்சரம்மா. அதனால வீட்டுல சண்ட போட்டுட்டு வந்தவள அன்னைக்கி நாங்க மருந்துகிட்ட விட மாட்டோம். நீ வெளிய உக்காந்து பொட்டி ஒட்டுன்னு சொல்லிருவோம். அவ கணக்கையும் சேத்து நாங்க முடிச்சிருவோம்” என்றார். ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவமும் கூடப் பாடுபடும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நான் எத்தனை வருஷம் பலகையில் எழுதிப் போட்டு நடத்தியிருக்கிறேன்! மனசு கலங்கி வந்த ஒருத்தியின் வேலையையும் சேர்த்து மற்ற மூன்று பேர் செய்து, அவளையும் காத்துத் தங்களையும் காத்துக்கொள்வதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். கொடைக்கானல் அருவி எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

நம் மண்ணுக்கென்றே ஒரு பயணக் கதை இருப்பதையும் நீங்கள் மறந்துவிட்டீர்கள். வாலிபர்களில் எத்தனை பேருக்கு ராக்லண்ட் என்ற பெயர் தெரியும்? தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஃபெல்லோவாக இருந்தவர். கணிதத்தில் மேலான தேர்ச்சி. சென்னைக்கு வந்து சர்ச் மிஷனரி சொசைட்டியின் செயலாளராக இருந்தார். அங்கேயே இருந்திருக்கலாம். 1854இல் அந்த நாற்காலியை விட்டு எழுந்து, டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு தோழர்களோடு வட திருநெல்வேலிக்கு வந்தார். அந்தக் காலத்தில் சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் திருநெல்வேலிச் சீமையில்தான் இருந்தன. பங்களா கட்டி உட்காராமல் கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கரிசல் காடு, உடைமரம், வெயில். சுற்றுலாவுக்கு யாரும் தேர்ந்தெடுக்காத வழி. தெற்கேயிருந்த சபைகள் தங்கள் உபதேசியார்களை மாதம் மாற்றி மாதம் அவர்களோடு நடக்க அனுப்பின. அந்தச் செலவையும் சபைகளே ஏற்றுக்கொண்டன. நம் முன்னோர் ஏற்பாடு செய்த பயணம் இதுதான் என்று நான் பெருமையோடு சொல்லுவேன்.

ராக்லண்டுக்கு உடம்பு சரியில்லை. நுரையீரல் பலவீனம். 1858 அக்டோபர் 22ஆம் தேதி சிவகாசியில் ரத்தம் கக்கி இறந்துபோனார். வயது 43. நாலு வருஷம் நடந்ததற்குக் கண்ணில் தெரிகிற பலன் பெரிதாக எதுவும் அவர் காலத்தில் இல்லை. கோதுமை மணி நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் பலன் இல்லை என்பதையே அவர் தன் ஊழியத்தின் வழியாகப் பிடித்திருந்தார். பிற்காலத்தில் டோனாவூர் எமி கார்மைக்கேல் அம்மையார் அவரைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். டோனாவூருக்கு வேன் போட்டுப் போகிறீர்கள். எமி அம்மையாரின் தோட்டத்தைப் பார்க்கிறீர்கள். அந்த அம்மையார் யாரைப் பார்த்து வியந்தாரோ அவர் இறந்த ஊரிலிருந்து, ராத்திரி பதினொரு மணிக்குத் தூங்கிக்கொண்டே கிளம்புகிறீர்கள்.

நாம் ஏறிப் போகும் கொடைக்கானலும் அழகுக்காக முதலில் தேடப்பட்ட இடம் இல்லை. மதுரைச் சமவெளியில் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் குடும்பத்தோடு பலியாகிக்கொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள், உயிர் பிழைக்க 1845இல் அங்கே போய் வீடு கட்டினார்கள். அந்த மலையைக் கிறிஸ்தவர்கள் தேடிப் போனதற்குக் காரணம் சமவெளியில் இருந்த சாவு. இதை ஏரிக்கரையில் ஒரு வருஷமாவது யாராவது சொன்னீர்களா?

பிலிப்புவைத் தூதன் அனுப்பிய வழியும், ராக்லண்ட் போன வழியைப் போல, யாரும் தேர்ந்தெடுக்காததுதான். சமாரியாவில் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, அதை விட்டுவிட்டுக் காசாவுக்குப் போகும் வனாந்தர வழிக்குப் போ என்று சொல்லப்பட்டது. அங்கே ஓர் ஆள், ஒரு ரதம். ஓடிப் போய்க் கூட ஏறி உட்கார்ந்துகொண்டான். அந்த ஆளுக்குப் பாடம் நடத்துவதற்கு முன்னால் பிலிப்பு அவரிடம் ஒரு கேள்வி கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் முதலில் கேள்வி கேட்க வேண்டும் என்பதை நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இனி நான் மனசு நொந்து சொல்லும் காரியங்களைக் கேளுங்கள்.

போன சுற்றுலாவுக்குக் கொடைக்கானல் இ-பாஸ் எடுக்கக் கமிட்டியில் மூன்று பேர் மெனக்கெட்டீர்கள். நல்லது. வேன் ஓட்டிய தம்பி முந்தின ராத்திரி தூங்கினாரா என்று உங்களில் ஒருவராவது விசாரித்தீர்களா? அவர் அதற்கு முந்தின நாள் ஒரு கல்யாண வீட்டாரைத் திருச்செந்தூர் கூட்டிப் போய்விட்டு நேரே நம் கோயில் வாசலுக்கு வந்தவர். உசிலம்பட்டி தாண்டி வண்டி ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியபோது நான் விழித்திருந்தேன். அந்தத் தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு, “ஒன்னுமில்லம்மா, நீங்க தூங்குங்க” என்றார். மறுநாள் ஏரிக்கரையில், ஓட்டுநர்தான் ஆண்டவருக்கு அடையாளம் என்று பேசினீர்கள். அந்த ஓட்டுநர் அப்போது வேனுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடவும் இல்லை, சாப்பாட்டை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை. பிரயாண ஜெபம் செய்துவிட்டால் ஓட்டுகிறவரின் தூக்கத்துக்கு நாம் பொறுப்பில்லை என்று எந்த வேதத்தில் இருக்கிறது?

இந்த வட்டாரத்தில் ரோட்டுக்கும் உயிருக்கும் உள்ள கணக்கு நமக்குத் தெரியாததா? 1976இல் தீப்பெட்டி வேலைக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போன பேருந்து விபத்துக்குள்ளாகி 30க்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் பார்க்கும் வேலையை விசாரிக்க ஹர்பன்ஸ் சிங் குழு வந்து, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் விடியுமுன் எங்கே போகிறார்கள் என்று நாடு திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளைகளும் ஒரு பயணம் போனவர்கள்தான். இன்றைக்குப் பிள்ளைகள் வேலைக்குப் போவதில்லை, பள்ளிக்கூடம் போகிறார்கள். அதற்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அவர்களின் அம்மாமார் இன்றும் தூக்குச்சட்டியோடு காலை வேனுக்கு நிற்கிறார்கள்.

இன்னொன்று சொல்கிறேன். நல்ல சமாரியனைப் பற்றிப் பாடம் நடத்த எரிகோ ரோடு வரை போக வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த விபத்து உங்களுக்கு நினைவிருக்கும். ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. முதல் சத்தம் கேட்டுச் சுற்றுப்புறத்திலிருந்து ஓடியவர்கள். அடுத்த வெடிப்பு அவர்களையும் கொண்டுபோனது. வேடிக்கை பார்க்கப் போய்ச் செத்தார்கள் என்று சிலர் பேசினார்கள். அப்படிப் பேசியவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. உள்ளே இருப்பது பக்கத்து வீட்டுப் பெண் என்று தெரிந்தவன் ஓடாமல் என்ன செய்வான்? அந்த ஊர் நம்மிடமிருந்து எத்தனை தூரம்? சுற்றுலா வேனில் ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். நம் சபைச் சுற்றுலா எதுவும் அந்த ஊர்ப் பக்கம் நின்று ஒரு ஜெபம் செய்ததாக நான் அறியேன்.

2021 பிப்ரவரி 12இல் சாத்தூருக்குப் பக்கத்து அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அம்மாவையும் அப்பாவையும் ஒரே நாளில் இழந்த பிள்ளையும் அதில் உண்டு. அந்த மே மாதம் கொரோனாவினால் நாம் எங்கும் போகவில்லை. அடுத்த மே மாதம் போனோம். அந்த விபத்தில் தகப்பனை, தாயை இழந்த பிள்ளைகளில் ஒருவரையாவது நம்மோடு கூட்டிப் போகலாமே என்று கமிட்டியில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அதற்காக நான் ஆண்டவர் முன்னால் முழங்கால்போட்டிருக்கிறேன்.

சுற்றுலாவே சந்தோஷத்துக்காகத்தானே டீச்சர், அங்கேயும் துக்கத்தைக் கொண்டுவர வேண்டுமா என்று சிலர் என்னிடம் கேட்டீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போன அந்தச் சுற்றுலாவில் நம் வேனில் மிக அதிகமாகச் சிரித்தவர் யார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். படகில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்து, ஏறிய பிறகு இறங்கமாட்டேன் என்று சொன்னவர் யார்? கேரட்டை இலையோடு வாங்கி வேனில் எல்லோருக்கும் ஒடித்துக் கொடுத்தவர் யார்? அந்த அம்மாதான். பயர் ஆபீஸ்காரர்களைக் கூட்டிப் போனால் துக்கம் வரும் என்று நீங்கள் நினைப்பதே அவர்களை நீங்கள் அறியாததால்தான். வருஷம் முழுவதும் பயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்குச் சந்தோஷப்பட நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ஏன் அவர்கள் வருவதில்லை என்பதையும் யோசியுங்கள். தலைக்கு 2,500 ரூபாய் என்று அறிவிப்பு வாசிக்கிறீர்கள். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்றால் 10,000. அது போக இரண்டு நாள் கூலி போகும். மே மாதம் ஆலைகளில் வேலை மும்முரமாக நடக்கும் காலம், லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். பள்ளிக்கூட விடுமுறையை மட்டும் பார்த்து நீங்கள் தேதி குறிக்கிறீர்கள். தேதி குறிக்கும்போதே அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறீர்கள். எடுத்தது உங்களுக்கே தெரிவதில்லை.

சிவகாசிக்குப் பக்கத்தில் சாட்சியாபுரம் இருக்கிறது. பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லுகிறோம். சாட்சி என்றால் பார்த்தவர் சொல்வது. நம் சுற்றுலாக்களில் உவமை நிறைய இருக்கிறது, சாட்சி இல்லை. மேகத்தை இதற்கு ஒப்பிடலாம், பாதையை அதற்கு ஒப்பிடலாம் என்று வேனில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். இடி இறங்கிய மத்தியானத்தில் ரூமை விட்டு ஓடி வந்து, வேப்பமரத்தடியில் நாலு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதை, நின்றவர்தான் சொல்ல முடியும்.

ஆகையால் என் கோரிக்கையைக் கேளுங்கள். இந்த மே மாதத்தை விட்டுவிடுங்கள். தீபாவளி முடிந்து ஆலைகள் பூட்டிக் கிடக்கும் வாரங்களில் ஒரு சனிக்கிழமை போவோம். கொடைக்கானல் வேண்டாம், குற்றாலம் போதும். கார்த்திகையிலும் அங்கே தண்ணீர் விழும். தண்ணீர் மிஞ்சிப் போய்க் குளிக்கத் தடை போட்டிருந்தால் பார்த்துவிட்டு வருவோம். ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம், தங்குகிற செலவு இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் பழுதில்லை.

ராத்திரி கிளம்பாதீர்கள். காலை ஆறு மணிக்கு, வெளிச்சம் வந்த பிறகு, முந்தின நாள் முழுக்க ஓய்வெடுத்த ஓட்டுநரோடு கிளம்புவோம். அதற்குக் கூடுதலாக ஒரு நாள் வாடகை ஆனால் ஆகட்டும், காணிக்கைப் பையில் அதற்கு இடம் இருக்கிறது. அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும் நம்மோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். முதல் நிறுத்தம் நம் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். விபத்தில் ஆட்களை இழந்த ஊர் ஒன்றின் ஓரத்தில் வேனை நிறுத்தி, இறங்கி, ஐந்து நிமிஷம் பேசாமல் நிற்போம். மைக் வேண்டாம், பேனர் வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம். ஊர்க்காரர் யாராவது வந்து என்னவென்று விசாரித்தால், உங்கள் ஆட்களை நினைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று சொல்லுவோம். பிறகு ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி வழியாகப் போவோம். வலது கைப்பக்கம் மலை கூடவே வரும். அந்த அழகை அப்போது நிம்மதியாகப் பார்க்கலாம்.

வேனில் பாதி இருக்கை பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் குடும்பங்களுக்கு. இலவசம் என்று அறிவிக்காதீர்கள், அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். வசதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் இன்னொரு குடும்பத்தைத் தன் விருந்தாளியாகக் கூட்டிவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் ஆலை நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். அச்சகம் வைத்திருக்கிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. உங்கள் கையால் இந்த ஊர் சாப்பிடுகிறது, அது எனக்குத் தெரியும். உங்களிடம் தனியாக ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். நீங்கள் அந்த வேனில் வாருங்கள், உங்கள் சொந்தக் காரில் பின்னாலே வராதீர்கள். உங்கள் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம், மலையில் கருப்புக் கட்டினால் உங்கள் ஆபீசில் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். மற்றதை ஆண்டவர் உங்களோடு பேசிக்கொள்வார்.

நம் கத்தோலிக்கச் சகோதரர்கள் ஆகஸ்ட் 15ஆம் தேதித் திருவிழாவுக்குக் காமநாயக்கன்பட்டி மாதா கோயிலுக்கு நடந்தே போகிறார்கள். வெயிலில், தார்ரோட்டில், கூலிக்காரரும் கடைக்காரரும் ஒன்றாக நடக்கிறார்கள். அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள நமக்கு வெட்கம் வேண்டாம். நம்மால் அவ்வளவு தூரம் நடக்க முடியாவிட்டாலும், விழித்துக்கொண்டாவது போகலாம்.

வாலிபத் தம்பிமாரே, தங்கச்சிமாரே, அன்றைய சாயங்காலக் கூட்டத்தில் உங்களில் யாரும் பேச வேண்டாம். பாட்டு நீங்கள் பாடுங்கள். ஜெபம் ஐயர் செய்யட்டும். பாடத்தை மட்டும் அந்த அம்மாவிடம் விட்டுவிடுங்கள். பத்து நிமிஷம் போதும். அவருக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. வேலைக்குப் போய், வேலையை முடித்து, வீடு வந்து சேர்ந்த ஒரு நாளை அவர் சொன்னால் போதும்.

இந்த மடலோடு 2,500 ரூபாய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். என் இருக்கைக்கான பணம் அது. முழங்கால் வலியோடு இனி என்னால் அவ்வளவு தூரம் உட்கார முடியாது, நான் வரவில்லை. நோட்டில் முதல் வரிசையில் எப்போதும் என் பேரை எழுதுவீர்களே, அந்த இடத்தில் அவர் பேரை எழுதுங்கள். மலை தெரியும் பக்கத்து ஜன்னலோரத்தை அவருக்குக் கொடுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் அன்பு டீச்சர்